விண்வெளிப் பேனா வாங்கலாமா?

கேள்வி: மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக விண்வெளிப் பேனா வாங்க நினைக்கிறேன். சாதாரண பால்பாயின்ட் பேனா விண்வெளியில் எழுதாது, அதனால்தான் நாசா கோடிக்கணக்கில் செலவழித்து இதை உருவாக்கியது என்று விற்பனைக் குறிப்பில் போட்டிருக்கிறார்கள். விலையோ அதிகம். கொடுக்கிற காசுக்குத் தகுமா?

பதில்: பேனா நல்ல பேனாதான். ஆனால் அந்தக் கதையை நம்பி வாங்காதீர்கள். நாசா அதை உருவாக்கச் செலவழிக்கவே இல்லை. பால் ஃபிஷர் என்ற அமெரிக்கப் பேனாத் தயாரிப்பாளர் தன் சொந்தப் பணத்தில் 1965-ல் செய்தது அது. நாசா சோதித்துப் பார்த்துவிட்டு, ஒன்று 6 டாலர் வீதம் சுமார் 400 வாங்கியது. 1968-ல் அப்போலோ 7 பயணத்தில் அது விண்வெளிக்குப் போனது. அடுத்த ஆண்டு சோவியத் யூனியனும் 100 வாங்கியது. உண்மையில் நாசா ஏகத்துக்கும் விலை கொடுத்தது பென்சிலுக்கு! 1965-ல் 34 மெக்கானிக்கல் பென்சில்களை ஒன்று 128.89 டாலருக்கு வாங்கி, மக்களிடம் நன்றாகத் திட்டு வாங்கியது.

சாதாரண பேனா அங்கே எழுதாது என்பதும் தவறு. ஸ்பெயின் விண்வெளி வீரர் பெட்ரோ டூகே 2003-ல் சாதாரண பால்பாயின்ட் பேனாவைக் கொண்டுபோய் எழுதியிருக்கிறார். தரையில் பேனாவைத் தலைகீழாகப் பிடித்தால் மை தன் எடையால் பந்துமுனையை விட்டு விலகிப் பின்னால் போகும். சுற்றுப்பாதையில் மிதக்கும்போது அப்படி எந்தப் பக்கமும் இழுப்பு இல்லை.

சரி, அப்புறம் எதற்குக் கூடுதல் விலை? ரீஃபிலுக்குத்தான். உள்ளே நைட்ரஜன் வாயு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும். அது மையைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். மையும் கெட்டியானது, பந்து உருளும்போதுதான் இளகும். அதனால் படுத்துக்கொண்டு எழுதலாம், சுவரில் ஒட்டிய தாளில் எழுதலாம், ஈரத்தாளிலும் கடுங்குளிரிலும் எழுதலாம். உங்கள் மகள் மேசையில் உட்கார்ந்து நோட்டில் மட்டும் எழுதுபவள் என்றால் இதனால் பெரிய லாபமில்லை. முனையில் சில நேரம் மை திரளும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வாங்குமுன் ரீஃபிலைக் கழற்றிப் பின்முனையைப் பாருங்கள். திறந்த பிளாஸ்டிக் குழாயாக இருந்தால் அதில் வாயு அழுத்தம் நிற்காது. பெயர் மட்டும்தான் விண்வெளி. ஃபிஷர் ரீஃபில் தனியாகவும் கிடைக்கிறது. கூடவே வரும் சின்ன பிளாஸ்டிக் துண்டைப் பொருத்தினால் பார்க்கர் வகைப் பேனாக்களிலும் போட்டுக்கொள்ளலாம். செலவைக் குறைக்க இது நல்ல வழி.

கேள்வி: என் பையன் நன்றாகப் படம் வரைவான். விண்வெளி வீரர்கள் வரையும் பென்சில் செட்டே வேண்டும் என்கிறான். எதை வாங்குவது?

பதில்: நல்ல சாதாரண கலர் பென்சில்களை வாங்கிக் கொடுங்கள். விண்வெளியில் முதல் படம் வரைந்தவர் சோவியத் விண்வெளி வீரர் அலெக்ஸி லியோனவ். 1965 மார்ச்சில், வோஸ்கோத் 2 கலத்துக்குள் இருந்தபடி, சூரியன் உதிப்பதைக் கலர் பென்சிலால் வரைந்தார். மிதந்து போகாமலிருக்க அந்தப் பென்சில்களை நூலால் கட்டி வைத்திருந்தார். வேறு விசேஷம் எதுவும் இல்லை. 2009-ல் அமெரிக்க விண்வெளி வீராங்கனை நிக்கோல் ஸ்டாட் சர்வதேச விண்வெளி நிலையத்தில் வாட்டர்கலரிலேயே வரைந்திருக்கிறார்.

கிராஃபைட் பென்சிலுக்குத்தான், அதாவது நாம் எழுதும் சாதாரண கறுப்புப் பென்சிலுக்குத்தான், அங்கே தயக்கம். அதன் தூள் மின்சாரத்தைக் கடத்தும்; மிதந்து போய்க் கருவிகளுக்குள் புகுந்தால் ஆபத்து. வீட்டில் அந்தக் கவலை இல்லை, அதையும் சேர்த்தே வாங்குங்கள்.