ரம் வாசனை டீயும் குடிதானா?

கேள்வி: வயது 46. தினமும் ரம் குடித்துக்கொண்டிருந்தவன், விட்டு ஏழு மாதம் ஆகிறது. இப்போது ரம் வாசனை சேர்த்த பிளாக் டீயை மாலையில் இரண்டு கப், படுக்கும் முன் ஒன்று என்று ரசித்துக் குடிக்கிறேன். "இதுவும் குடிதான்" என்கிறார் மனைவி. நிஜமா டாக்டர்?

பதில்: போதைக் கணக்கில் இல்லை. இந்த மாதிரி டீத்தூளில் பெரும்பாலும் ரம் இருக்காது, ரம் மாதிரி மணக்கும் எசென்ஸைத்தான் இலைமேல் தெளித்திருப்பார்கள். எசென்ஸைக் கரைக்கச் சில சமயம் எத்தனால் சேர்ப்பதுண்டு, ஆனால் இலை காயும்போதே முக்கால்வாசி ஆவியாகிவிடும், கப்பில் மிஞ்சுவது தலையில் ஏறுகிற அளவுக்கு வராது. இருந்தாலும் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள், நிஜ ரம் சேர்த்தது என்று போட்டிருந்தால் வேண்டாம். குடியை நிறுத்துவதற்காக டைசல்ஃபிராம் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அப்படியென்றால் துளி ஆல்கஹாலே முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியில் கொண்டுபோய் விடலாம். மாத்திரை எழுதிய டாக்டரிடம் பாக்கெட்டைக் காட்டிக் கேட்கும்வரை இந்த டீயைத் தொடாதீர்கள்.

எனக்குக் கவலை அந்த வாசனைமேல்தான். இத்தனை வருடம் ரம்மோடு சேர்த்து அந்த மணம், சாயங்கால நேரம், உட்காரும் நாற்காலி எல்லாவற்றையும் உங்கள் மூளை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறது, கப்பை மூக்கருகே கொண்டுபோனதுமே முடிச்சு அவிழ்ந்து, வாயில் நீர் ஊறி, "ஒரே ஒரு பெக்" என்று மனம் ஆரம்பிக்கலாம். சிலருக்கு அப்படி எதுவும் ஆகாது, கையில் ஒரு கப் இருந்தாலே நிம்மதியாக மாலை கழிந்துவிடும். நீங்கள் எந்த ரகம் என்பதை டீ முடிந்த அரைமணி நேரத்தில் உங்கள் மனதே காட்டிவிடும். ரம்மை நினைத்துக்கொண்டு எழுந்து நடக்கிறீர்கள் என்றால் பாக்கெட்டை யாரிடமாவது கொடுத்துவிட்டு, சிகிச்சை தந்தவரிடம் அன்றைக்கே பேசுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்புறம், பழைய ரம் கிளாஸில் மட்டும் இந்த டீயை ஊற்றாதீர்கள்!

படுக்கும் முன் குடிக்கும் அந்த மூன்றாவது கப்பை விட்டுவிடுங்கள். ஒரு கப்பில் சுமார் 40, 50 மில்லிகிராம் காஃபீன் இருக்கும், அதில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணி நேரம் பிடிக்கும். குடியை நிறுத்தியவர்களுக்குப் பல மாதம் தூக்கம் சரியாக வராது, தூக்கம் கெட்ட மறுநாள் குடி ஆசையும் தலைதூக்கும். டீ சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும், அதனால் ரத்தசோகை இருந்தால் சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

மனைவியிடம் வாதாடாதீர்கள். ஏழு மாதம் முன்புவரை உங்கள் மூச்சில் அந்த வாசனை வந்தால் அவருக்கு அன்றைய ராத்திரி எப்படிப் போயிருக்கும்? இப்போதும் அதே வாசனைதானே வருகிறது. டீயை அவர் கண்ணெதிரே போடுங்கள், முதல் வாய் அவர் குடித்துப் பார்க்கட்டும்.