குறட்டையா, மூச்சடைப்பா? ஸ்லீப் லேப் டெக்னீஷியனிடம் கேளுங்கள்

திருச்சியில் ஒரு தூக்க ஆய்வகத்தில் 14 வருடமாக இரவுப் பணி பார்க்கிறேன். நான் மருத்துவர் இல்லை. ஒயர் ஒட்டுவது, அடுத்தவர் தூங்குவதை விடிய விடியத் திரையில் பார்ப்பது, காலையில் அந்த எட்டு மணி நேரப் பதிவை அலசி எண்ணிக் கொடுப்பது, இதுதான் என் வேலை. “எனக்கு ஸ்லீப் அப்னியா (தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது) இருக்குமா?” என்று கேட்பவர்களுக்கு என்னால் முடிந்த பதில்கள் இவை. மருந்து, மாத்திரை பற்றிக் கேட்டால் மருத்துவரிடம்தான் அனுப்புவேன்.

கேள்வி (தஞ்சாவூர், 36 வயது): என் கணவர் பயங்கரமாகக் குறட்டை விடுகிறார். “அசந்து தூங்குறேன், அதான் குறட்டை” என்கிறார். குறட்டை விடுகிற எல்லாருக்கும் அப்னியா இருக்குமா?

எல்லாருக்கும் இல்லை. ஆனால் குறட்டையை நல்ல தூக்கத்தின் அடையாளமாக நினைப்பது தவறு. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுப் பாதை குறுகுகிறது. குறுகிய வழியில் காற்று உரசிக்கொண்டு போகும் சத்தம்தான் குறட்டை. அந்த வழி முழுதாக மூடிக்கொண்டு 10 விநாடியாவது காற்று போகாமல் நின்றால் அது அப்னியா.

அதனால் குறட்டைச் சத்தத்தை விட்டுவிடுங்கள். சத்தம் நிற்கிற இடத்தைக் கவனியுங்கள். கொர்... கொர்... என்று போய்க்கொண்டிருந்தது சட்டென்று அடங்கும். “அப்பாடா, நிறுத்திட்டார்” என்று நீங்கள் திரும்பிப் படுப்பீர்கள். அந்த நேரத்தில் அவர் நெஞ்சையும் வயிற்றையும் பாருங்கள். நெஞ்சு மேலே வரும்போது வயிறு உள்ளே போகும், வயிறு மேலே வரும்போது நெஞ்சு இறங்கும். இழுக்கிறார், காற்று போகவில்லை. 20, 30 விநாடி கழித்து ஒரு பெரிய செருமலோடு மூச்சு வெடித்துக்கொண்டு வரும். என் திரையில் அப்போது மூக்குக் காற்றின் கோடு தட்டையாகக் கிடக்கும், நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டிய பெல்ட்டுகளின் கோடுகள் மட்டும் துடிக்கும். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் 96-லிருந்து 88, 81 என்று இறங்குவது கொஞ்சம் தாமதித்துத்தான் தெரியும். தூங்குகிறவருக்கு இதில் ஒன்றுமே நினைவிருக்காது.

போனில் வீடியோ எடுங்கள். ஆனால் படுத்த முதல் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டு “ஒன்றுமில்லை” என்று முடிவு செய்யாதீர்கள். கனவுத் தூக்கம் அதிகம் வருவது பின்னிரவில். அப்போது தசைகள் இன்னும் தளரும், மூச்சடைப்பும் கூடும். விடியற்காலை 3 மணியிலிருந்து 5 மணிக்குள், அவர் மல்லாந்து படுத்திருக்கும்போது பத்து நிமிடம் எடுத்தால் போதும்.

கேள்வி (கோவை, 29): விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 98 காட்டுகிறது. அப்படியென்றால் அப்னியா இல்லைதானே?

விழித்திருக்கும்போது பார்த்தால் கடுமையான அப்னியா உள்ளவருக்கும் 98 காட்டும். பிரச்சினை தூக்கத்தில்.

கேள்வி (சேலம், 52, ஆண்): எத்தனை அறிகுறி இருந்தால் சோதனைக்குப் போக வேண்டும்?

டொரண்டோவில் மயக்க மருந்து நிபுணர்கள் அறுவை சிகிச்சைக்கு வருபவர்களுக்காக உருவாக்கிய எட்டுக் கேள்விகள் இருக்கின்றன. மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவு குறட்டையா? பகலில் சோர்வா, தூக்கமா? மூச்சு நிற்பதை யாராவது பார்த்திருக்கிறார்களா? இரத்த அழுத்தம் உண்டா? பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 35-க்கு மேலா? வயது 50-க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா? ஆணா? மூன்று “ஆம்” வந்தாலே மருத்துவரைப் பாருங்கள். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் தள்ளிப்போடவே கூடாது. நீங்கள் ஆண், வயது 52, இரண்டு “ஆம்” ஏற்கெனவே ஆகிவிட்டது. கழுத்தைக் குரல்வளை மேட்டின் மட்டத்தில் டேப் வைத்து அளக்க வேண்டும். சட்டைக் காலர் 16 என்றால் கிட்டத்தட்ட அந்த 40 செ.மீ.யில் இருக்கிறீர்கள்.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். அந்த 35 என்ற பி.எம்.ஐ. நம் ஊருக்குப் பொருந்தாது. நம்மவர்களில் சிறிய தாடை, பின்தள்ளிய மோவாய் உள்ளவர்களுக்கு உடல் பருமன் இல்லாமலே தொண்டை அடைக்கும். 24 பி.எம்.ஐ.யில் மணிக்கு 40 முறை மூச்சு நின்றவர்களுக்கு நானே ஒயர் ஒட்டியிருக்கிறேன்.

கேள்வி (நாகர்கோவில், 48, பெண்): எனக்குக் குறட்டை அதிகமில்லை. தூக்கமே சரியாக வருவதில்லை. காலையில் தலைவலி, நாள் முழுக்க அலுப்பு. மாதவிடாய் நின்று ஒரு வருடம் ஆகிறது. தூக்க மாத்திரை போடலாமா?

போடாதீர்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்: அப்னியா இல்லை என்று தெரியும் முன் தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். பல மாத்திரைகள் தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தும். மூச்சு நிற்கும்போது மூளை எழுப்பிவிடுகிறதே, அந்த விழிப்பையும் தாமதப்படுத்தும். மதுவும் இதையேதான் செய்யும்.

பெண்களுக்கு அப்னியா பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. தூக்கமின்மை, தலைவலி, அலுப்பு, மனச்சோர்வு. மாதவிடாய் நின்றபின் வாய்ப்பு கூடுகிறது. “வயசாகுது, டென்ஷன்” என்று சொல்லி அனுப்பப்பட்டு, வருடக்கணக்கில் அலைந்துவிட்டு எங்களிடம் வந்தவர்கள் நிறைய. தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிட்டு, ஸ்லீப் ஸ்டடி வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.

கேள்வி (மதுரை): என் ஆறு வயது மகன் வாயைத் திறந்து, குறட்டை விட்டுத் தூங்குகிறான். படுக்கையை நனைக்கிறான்.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். டான்சிலும் அடினாய்டும் பெரிதாக இருக்கலாம். குழந்தைகளுக்கு அளவுகோலே வேறு. மணிக்கு ஒன்றுக்கு மேல் மூச்சு தடைப்பட்டாலே கவனிக்க வேண்டும். படுக்கையை நனைப்பதற்காக அவனைத் திட்டாதீர்கள்.

கேள்வி (சென்னை, 31): ஆக்ஸிமீட்டரில் 97 வருகிறது, ஸ்மார்ட் வாட்சும் எச்சரிக்கை எதுவும் தரவில்லை. நிம்மதியாக இருக்கலாமா?

ஆக்ஸிமீட்டருக்கு மேலே பதில் இருக்கிறது. வாட்ச் எச்சரித்தால் அதை வைத்துச் சோதனைக்குப் போங்கள். எச்சரிக்கவில்லை என்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள்.

கேள்வி (நாமக்கல், 44, லாரி ஓட்டுநர்): ராத்திரி நாலைந்து தடவை ஒண்ணுக்குப் போக எழுந்திருக்கிறேன். சுகர் இல்லை. மதியம் ஸ்டியரிங் பிடித்தபடியே கண் சொருகுது. டெஸ்ட் எடுத்தால் வேலை போயிடுமோன்னு பயமா இருக்கு.

இதற்கு நான் பதில் எழுதும் முன்பே இரண்டு பேர் பதில் போட்டுவிட்டார்கள். சங்ககிரியிலிருந்து ஒருவர்: “அண்ணே, டெஸ்ட் பக்கமே போகாதீங்க. ஓனருக்குத் தெரிஞ்சா வண்டியைக் குடுக்க மாட்டான். டீயைக் குடிங்க, முகத்தைக் கழுவுங்க, 20 வருஷமா நாங்க இப்படித்தான் ஓட்டுறோம்.” அதற்குக் கரூரிலிருந்து ஒரு பெண்: “என் தம்பியும் முகத்தைக் கழுவிட்டுத்தான் ஓட்டினான். இப்ப அவன் இல்லை.” சங்ககிரிக்காரர் மறுபடியும்: “சோத்துக்கு வழி சொல்லிட்டு அப்புறம் டெஸ்ட்டைப் பத்திப் பேசுங்க.”

சங்ககிரி அண்ணன் சொல்லும் பயம் நியாயமானது. வண்டியை நிறுத்தினால் வீட்டில் உலை வைக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவர் சொல்லும் வழி உயிரை எடுக்கும். தூக்கக் கடனைத் தண்ணீரால் கழுவ முடியாது. 60 கி.மீ. வேகத்தில் நாலு விநாடி கண் சொருகினால் வண்டி கிட்டத்தட்ட 67 மீட்டர் ஓட்டுநரே இல்லாமல் போகிறது. அந்த 67 மீட்டரில் பிரேக்கின் மேல் கால் இருக்காது.

நாமக்கல் அண்ணே, நீங்கள் சொன்னதில் ஒண்ணுக்குப் போவதும் முக்கியமான துப்பு. மூடிய தொண்டைக்கு எதிராக மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதய அறை விரிகிறது. உடம்பில் தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்து, சிறுநீரை வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனை இதயம் சுரக்கிறது. பலர் புராஸ்டேட் என்று நினைத்துக்கொண்டே இருந்துவிடுகிறார்கள். அதையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் என் சந்தேகம் அப்னியா மேல்தான்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆய்வகத்தில் அறிக்கையை நோயாளி கையில்தான் தருகிறோம், முதலாளிக்கு அனுப்புவதில்லை. அப்னியா என்று தெரிந்த பின்னும் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், சிகிச்சை எடுத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். போன வருடம் ஒரு டேங்கர் ஓட்டுநர் வந்தார். மணிக்கு 62 முறை மூச்சு நின்றது. 5-க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30-ஐத் தாண்டினால் கடுமை, அப்படியானால் 62 எங்கே நிற்கிறது பாருங்கள். நள்ளிரவுக்கு மேல் சி-பாப் (காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் கருவி) மாஸ்க்கை மாட்டி, அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். 11-க்கு வந்ததும் கோடுகள் சீரானது. ஐந்தரைக்கு எழுப்பியபோது படுக்கையில் உட்கார்ந்து, “ஒரு தடவைகூட எழுந்திருக்கலையா நான்?” என்று கேட்டார். லாரி பேட்டரியில் ஓடக்கூடிய கன்வெர்ட்டரோடு அந்தக் கருவி இப்போது அவர் கேபினில் இருக்கிறது.

சோதனை முடியும்வரை ஒன்று செய்யுங்கள்: கண் சொருகினால் வண்டியை ஓரம் கட்டி 20 நிமிடம் தூங்குங்கள். இரவு ஓட்டம் வேண்டாம். படுக்கும்போது ஒருக்களித்துப் படுங்கள்.

சங்ககிரி அண்ணே, உங்களுக்கும் ஒரு கேள்வி. டீயும் முகம் கழுவுவதும் தினமும் எத்தனை தடவை தேவைப்படுகிறது? நீங்களும் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (வேலூர்): மாமனாருடைய சி-பாப் கருவி சும்மா கிடக்கிறது. நான் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. அவருக்கு வைத்த அழுத்தம் உங்களுக்கு வைத்தது இல்லை. உங்களுக்கு வருவது தொண்டை அடைப்பா, மூளையே மூச்சுக்கு உத்தரவு தராத சென்ட்ரல் வகையா என்பதும் தெரியாது. முதலில் சோதனை.

கேள்வி (புதுச்சேரி): ஆக்ஸிமீட்டரில் 99...

தயவுசெய்து மேலே படியுங்கள். மூன்றாவது முறையாகக் கேட்கப்படுகிறது.

கேள்வி (திண்டுக்கல், 57): அடுத்த மாதம் குடலிறக்க அறுவை சிகிச்சை. மூன்று பி.பி. மாத்திரை போட்டும் அழுத்தம் குறையவில்லை. குறட்டை உண்டு. யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

மயக்க மருந்து கொடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மயக்க மருந்தும் வலிநிவாரணிகளும் தொண்டையைத் தளர்த்தும். முன்கூட்டியே தெரிந்தால் அதற்கேற்பத் தயாராக இருப்பார்கள். மூன்று மாத்திரைக்கும் அடங்காத பி.பி.யே அப்னியா சோதனைக்குப் போதுமான காரணம்.

நாமக்கல் ஓட்டுநர் மறுபடியும்: வீட்டுக்காரம்மா ராத்திரி நாலு மணிக்கு வீடியோ எடுத்துச்சு. பார்த்துட்டு அழுதுடுச்சு. ஒரு இடத்தில் 34 விநாடி எண்ணினோம். வர்ற வாரம் டெஸ்ட்டுக்கு வர்றேன். என்ன பண்ணிட்டு வரணும்?

வீட்டுக்காரம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க, வீடியோவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அன்றைக்குத் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் தடவாமல் வாங்க, எண்ணெய் இருந்தால் தலையில் ஒயர் ஒட்டாது. மதியத்துக்கு மேல் டீ, காபி வேண்டாம், பகலில் தூங்கவும் வேண்டாம். முன்பக்கம் பொத்தான் வைத்த சட்டையும் லுங்கியும் போதும். வழக்கமான மாத்திரை ஏதாவது இருந்தால் சீட்டோடு எடுத்து வாங்க. வண்டியை ஓட்டிக்கொண்டு வராதீர்கள், பஸ்ஸில் வாங்க.