சோலார் வேலிக்குள் ஓடையும் வண்டிப்பாதையும்: ஊரார் என்ன செய்யலாம்?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எங்களுடையது விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கரிசல்காட்டு ஊர், மானாவாரி விவசாயம்தான். ஊருக்குக் கிழக்கே ஏறக்குறைய 700 ஏக்கரில் தனியார் சோலார் மின் நிலையம் வருகிறது. வெளியூரில் இருக்கும் பங்காளிகள் பலர் புரோக்கர் மூலம் நிலத்தைக் கொடுத்துவிட்டார்கள். என்னுடைய நாலு ஏக்கர் நடுவில் மாட்டிக்கொண்டது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடையில் மண் தள்ளி மேடாக்கி, வண்டிப்பாதையையும் சேர்த்துக் கம்பிவேலி போட்டுவிட்டார்கள். ஆடு மேய்க்க இடமில்லை. கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டோம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனுவும் கொடுத்தோம். பதில் இல்லை. “நீங்கள் தராவிட்டால் அரசாங்கமே எடுத்துக் கொடுத்துவிடும்” என்கிறார் புரோக்கர். மொத்தத் திட்டத்துக்கும் ஸ்டே வாங்க முடியுமா?

பதில்: மொத்தத் திட்டத்துக்கும் ஸ்டே கேட்டுப் போனால் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்புதான் அதிகம். ஓடைக்கும் வண்டிப்பாதைக்கும் கேட்டுப் போனால் உங்களிடம் நல்ல வழக்கு இருக்கிறது.

“எங்கள் ஊருக்கு சோலார் வேண்டாம்” என்று தடுக்கும் உரிமையை எந்தச் சட்டமும் ஊராருக்குக் கொடுக்கவில்லை. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கான 2006 அறிவிக்கையின் பட்டியலில் சோலார் பேனல் மின் நிலையம் கிடையாது. கல்குவாரிக்கும் அனல்மின் நிலையத்துக்கும் நடப்பது போன்ற மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இதற்கு நடக்காததற்கு அதுதான் காரணம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் இதை ‘வெள்ளை’ வகையில் சேர்த்தது. எனவே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவும் தேவையில்லை, தகவல் கொடுத்தால் போதும். டெல்டாவுக்காக 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தைச் சிலர் சுட்டிக்காட்டுவார்கள். உங்கள் மாவட்டம் அதற்குள் வராது. வந்தாலும் பயனில்லை, தடை செய்யப்பட்ட தொழில்களின் பட்டியலில் அங்கேயும் சோலார் இல்லை. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் சுமார் 2,500 ஏக்கரில் எழுந்து 2016இலேயே ஓடத் தொடங்கிவிட்டது. போதாததற்கு, கானமயில் வழக்கில் (எம்.கே. ரஞ்சித்சிங், 2024) பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து காக்கப்படுவதும் அடிப்படை உரிமையோடு சேர்ந்தது என்று சொன்ன உச்ச நீதிமன்றம், சோலார் மின்சாரத்தின் தேவையைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறது. கம்பெனி வக்கீல் முதலில் நீட்டுவது அந்தத் தீர்ப்பைத்தான்.

விளைநிலத்தைத் தொடும் ஒரு திட்டத்துக்கு ஊராரை ஒரு வார்த்தை கேட்க வேண்டாம் என்று சட்டம் விட்டிருப்பது சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் அது சட்டமன்றத்தில் பேச வேண்டியது. நீதிமன்றத்தில் சர்வே எண்ணோடு பேச வேண்டும்.

அதற்கு முதலில் மூன்று காகிதங்கள் வேண்டும். கிராம வரைபடம், ஊரின் எல்லா சர்வே எண்களும் வகைவாரியாக இருக்கும் ‘அ’ பதிவேட்டின் நகல், வேலிக்குள் போன ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் புலப்படம், அதாவது நீங்கள் எஃப்.எம்.பி. என்று சொல்வது. 700 ஏக்கர் ஒரே பிளாக்காகக் கிடைத்தது என்று கம்பெனி சொல்லலாம். கரிசல்காட்டில் அவ்வளவு பரப்புக்குள் புறம்போக்கு ஒரு துண்டுகூட இல்லாமல் இருப்பது அபூர்வம். ஓடை, வரத்துக் கால்வாய், வண்டிப்பாதை, மந்தை, களம், மயானம் என்று ஏதாவது குறுக்கே ஓடும். ‘அ’ பதிவேட்டில் குறிப்புப் பத்தியை வரி வரியாகப் பாருங்கள். ‘ஓடை’ என்றோ ‘வண்டிப்பாதை’ என்றோ இருந்தால் அந்த எண்ணைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பட்டா எண்களுக்கு நடுவே இப்படி நாலைந்து எண் சேர்ந்தாலே போதும், அதுதான் உங்கள் வழக்கு. பிறகு கட்டணம் கட்டி, அந்த எண்களை மட்டும் அளந்து கல் காட்டச் சொல்லி தாசில்தாரிடம் எழுத்து மூலம் மனுக் கொடுங்கள். சர்வேயர் அளந்து ‘ஆக்கிரமிப்பில் உள்ளது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் அதற்கு இருக்கிற பலம் ஆயிரம் கையெழுத்துக்குக் கிடையாது.

ஓடையையும் பாதையையும் மீட்கச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 1905ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7ஆம் பிரிவில் நோட்டீஸ், 6ஆம் பிரிவில் அகற்றம். பொதுப்பணித் துறை, இப்போது நீர்வளத் துறை, பராமரிப்பில் உள்ள கண்மாயாக இருந்தால் 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டம். நீர்நிலை ஆக்கிரமிப்பை வரைமுறைப்படுத்தித் தர முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு டி.கே. சண்முகம் வழக்கில் 2015இல் சொல்லியிருக்கிறது. ஊர்ப் பொது நிலம் ஊருக்குத் திரும்ப வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. “ஓடையை மூடவில்லை, வேலி ஓரமாகத் திருப்பிவிட்டிருக்கிறோம்” என்று கம்பெனி சொல்லும். அதையும் அவர்களாகச் செய்ய முடியாது. 100 ஹெக்டேருக்குக் குறையாத திட்டங்களுக்கு உள்ளே இருக்கும் நீர்நிலைகளையும் சேர்த்து நிலத்தை ஒருங்கிணைக்க வழி செய்யும் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் 2023இல் நிறைவேறியது. விவசாயச் சங்கங்கள் எதிர்த்த சட்டம் அது, எனக்கும் அதன் மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் அந்த வழியில் போவதென்றாலும் அரசின் அறிவிப்பு, ஆட்சேபணை கேட்பது, நிபுணர் குழு என்று படிகள் இருக்கின்றன. உங்கள் ஊரில் அப்படி எதுவும் நடந்ததா என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால் ஜே.சி.பி. வைத்து ஓடையைத் தள்ளியது வெறும் ஆக்கிரமிப்பு.

ஆடு மேய்ச்சல் விஷயத்தில் கொஞ்சம் கசப்பான பதில். இத்தனை வருஷம் ஆடு மேய்ந்தது அடுத்தவர் பட்டா தரிசில் என்றால், அது அவர்கள் விட்டுக்கொடுத்தது, உரிமை என்று நிலைநாட்டுவது கஷ்டம். பதிவேட்டில் மேய்ச்சல் புறம்போக்கு என்று இருந்தால் நிலைமை வேறு. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் 134ஆம் பிரிவுப்படி மேய்ச்சல் நிலமும் களமும் மந்தையும் ஊராட்சியைச் சேர்ந்தவை.

கிராம சபைத் தீர்மானத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன், ஆனால் வாசகம் முக்கியம். ‘இத்திட்டத்தை இச்சபை எதிர்க்கிறது’ என்ற தீர்மானம் கோப்பில் தூங்கும். ‘இன்ன சர்வே எண் ஓடையும், இன்ன சர்வே எண் வண்டிப்பாதையும் அடைக்கப்பட்டுள்ளன, இவை ஊர்ப் பயன்பாட்டில் உள்ளவை, அளந்து மீட்க வேண்டும்’ என்று போட்டால் அதிகாரி ஏதாவது பதில் எழுதியாக வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் சபை கூடுகிறது. அடுத்ததில் இப்படி மாற்றி எழுதிப் போடுங்கள்.

அடுத்தது பத்திரங்கள். இதில் ஊராருக்கு வழக்குப் போடும் உரிமை இல்லை, அந்தந்த நிலத்தில் பங்கு உள்ளவர்தான் வர வேண்டும். கூட்டுப் பட்டா நிலத்தை அண்ணன் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றிருந்தால் தங்கையின் பங்கு போய்விடாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. பவர் பத்திரத்தின் மேல் நடந்த விற்பனை என்றால் வில்லங்கச் சான்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பதிவு நடந்த அன்று பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா? குத்தகைதாரர் இருந்த நிலம் என்றால், சொந்தக்காரர் விற்றார் என்பதற்காக மட்டும் அவரை வெளியேற்ற முடியாது, 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அவருக்கு உண்டு. பஞ்சமி நிலம் ஏதாவது உள்ளே போயிருக்கிறதா என்றும் கட்டாயம் பாருங்கள். 1892 அரசாணையின் கீழ் வந்த அந்த நிலத்தைப் பட்டியல் சாதியினர் அல்லாதவருக்கு விற்பது செல்லாது. பழைய நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். கணக்கில் அந்தக் குறிப்பு விட்டுப்போயிருக்கலாம் என்பதால் அதற்கு முந்தைய பதிவேட்டையும் கேட்டு வாங்குங்கள்.

நில உச்சவரம்பைப் பற்றி எல்லோரும் கேட்பதால் ஒரு வார்த்தை. 1961 சட்டப்படி கம்பெனிக்கும் உச்சவரம்பு உண்டு, 15 ஸ்டாண்டர்ட் ஏக்கர், அதாவது நிலத்தின் தரத்தைப் பார்த்துக் கணக்கிடும் ஏக்கர். மானாவாரி நிலத்துக்கு இது சாதாரண ஏக்கரில் கூடுதலாக வரும், ஆனாலும் 700 ஏக்கரை எட்டாது. மேலே வைத்துக்கொள்ள 37-ஏ பிரிவின் கீழ் அரசின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லையென்று நிரூபித்தாலும் உபரி நிலம் அரசுக்குத்தான் போகும், விற்றவருக்குத் திரும்பாது. அழுத்தம் கொடுக்க உதவும், அவ்வளவுதான்.

இவ்வளவையும் யூகத்தில் பேசாமல் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் முதல் மேல்முறையீடு. ‘சோலார் திட்டம் பற்றிய எல்லா விவரமும் தருக’ என்று எழுதினால் ஒன்றும் வராது. ஓடைப் புறம்போக்கில் குத்தகையோ அனுமதியோ வழங்கப்பட்டதா, 37-ஏ ஆணை உண்டா, விவசாய நிலத்தை வேறு உபயோகத்துக்கு மாற்ற அனுமதி பெறப்பட்டதா, பேனல் கழுவ நிலத்தடி நீர் எடுக்க யார் அனுமதித்தது என்று ஒவ்வொன்றையும் அந்தந்த அலுவலகத்துக்குத் தனித்தனியாக அனுப்புங்கள்.

இப்போது கோர்ட். உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் இன்ஜங்ஷன் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். 2018இல் திருத்தப்பட்ட குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தில் 41(எச்ஏ) என்று ஒரு பிரிவு வந்திருக்கிறது. உள்கட்டமைப்புத் திட்டத்தைத் தாமதப்படுத்தும் தடை உத்தரவைக் கொடுக்கக் கூடாது என்கிறது அது. எவை உள்கட்டமைப்புத் திட்டங்கள் என்று அந்தச் சட்டம் தரும் பட்டியலில் மின் உற்பத்தி இருக்கிறது. முதல் வாய்தாவிலேயே கம்பெனி இதைக் காட்டும். உங்கள் நாலு ஏக்கருக்குப் போகும் வழி அடுத்தவர் பட்டாவில் இருந்து, 20 வருஷத்துக்கு மேல் தடையில்லாமல் போய் வந்திருந்தால், அந்த வழியுரிமை உங்களுக்கு உண்டு என்று அறிவிக்கக் கேட்டு சிவில் வழக்குப் போடலாம், அதற்கு அதுதான் இடம். ஓடைக்கும் வண்டிப்பாதைக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்புச் சட்டம் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனுதான் என் தேர்வு. ‘திட்டத்தை நிறுத்து’ என்று கேட்காமல், ‘நாங்கள் கொடுத்த மனுவின் மேல் அளந்து, ஆக்கிரமிப்பை அகற்று’ என்று தாசில்தாருக்கும் கலெக்டருக்கும் உத்தரவு கேளுங்கள். நீதிபதிக்கு அதைக் கொடுப்பதில் தயக்கம் இருக்காது. கம்பெனி ஏற்கெனவே ‘எங்களைக் கேட்காமல் உத்தரவு கொடுக்க வேண்டாம்’ என்று கேவியட் மனு போட்டிருக்கக்கூடும் என்பதால் அவர்களைக் கேட்காமல் இடைக்கால உத்தரவு வரும் என்று எண்ண வேண்டாம். சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் காலக்கெடு கறாரானது. ஓடையை அடைத்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அடைத்த தேதியை நிரூபிக்க, தேதி தெரியும் போட்டோ இருந்தால் எடுத்து வையுங்கள்.

புரோக்கரின் மிரட்டலுக்கு வருவோம். கம்பெனி தனியாரிடம் பேசி வாங்கும் நிலத்தில் விற்கமாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. தனியார் கம்பெனிக்காக 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தில் அரசு எடுப்பதென்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் சம்மதம் தேவை. தமிழ்நாட்டின் 1997ஆம் ஆண்டு தொழில் நிலமெடுப்புச் சட்டத்தில், சிப்காட் எடுப்பது போல எடுத்தால், அந்தச் சம்மத விதி பொருந்தாது. இந்த ஏற்பாடு செல்லும் என்று 2021இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆக அரசால் எடுக்கவே முடியாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அப்படி எடுக்கும்போது நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வரும், ஆட்சேபணை சொல்ல நாள் கிடைக்கும். நோட்டீஸ் வராதவரை புரோக்கர் பேச்சு வியாபாரப் பேச்சு. அதுவரை எந்த ஒப்பந்தத்திலும் அட்வான்ஸ் ரசீதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

நிலையத்திலிருந்து துணைமின் நிலையத்துக்கு டவர் லைன் உங்கள் நிலத்தின் மேல் வரலாம், அதற்கும் தயாராக இருங்கள். மின்சாரச் சட்டம் 164ஆம் பிரிவின் கீழ் லைன் போடுபவருக்கு அதிகாரம் கொடுத்த அரசு ஆணை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஆணை இல்லையென்றால் அதே சட்டத்தின் கீழ் வந்த 2006 விதிகளின்படி உங்கள் சம்மதம் வேண்டும், நீங்கள் மறுத்தால் கலெக்டரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். இழப்பீட்டைப் பொறுத்தவரை டவர் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 200 சதவீதம், கம்பி போகும் பாதைக்கு 30 சதவீதம் என்று மத்திய மின் துறை 2024 ஜூனில் வழிகாட்டு நெறி கொடுத்திருக்கிறது. மாநிலத்துக்கு அது கட்டாயமில்லை என்றாலும் பேரம் பேசும்போது கையில் இருக்கட்டும்.

கடைசியாக, ஊர் இளவட்டங்களிடம் நீங்களே பேசுங்கள். வேலியை ஒரு இடத்தில் வெட்டினால்கூட 1992ஆம் ஆண்டின் சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகும். அதற்குப் பிறகு ரிட் மனுவில் உங்களைப் பற்றிக் கம்பெனி எழுதும் முதல் பத்தி அந்த எஃப்.ஐ.ஆர். எண்ணோடுதான் தொடங்கும். மழைக்காலம் வருவதற்குள் ஓடையைத் திறக்க வேண்டும் என்ற அவசரம் எனக்குப் புரிகிறது. அதையே மனுவில் காரணமாக எழுதுங்கள், அவசர மனுவாக எடுக்கச் சொல்லிக் கேட்க அது உதவும். புலப்படங்களும் ‘அ’ பதிவேட்டு நகலும் கையில் வந்த பிறகு மதுரையில் ஒரு வக்கீலைப் பாருங்கள்.