ஒலிம்பிக்கிற்காக உருவான மரக் கிளைடர்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: எஞ்சின் இல்லாத கிளைடர்களுக்கான போட்டி ஒரு காலத்தில் ஒலிம்பிக் பட்டியலில் இருந்ததாமே? அதற்கென்று தனியாக ஒரு விமானத்தையே வடிவமைத்தார்களா? (கோவை வாசகர்)

பதில்: ஆம், வடிவமைத்தார்கள், போட்டிதான் நடக்கவில்லை. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கின்போது கிளைடர்கள் செயல்விளக்கமாகப் பறந்தன. அதைத் தொடர்ந்து, 1940ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் இதைப் பதக்கப் போட்டியாகவே நடத்தத் திட்டமிட்டனர். பணக்கார நாடு விலையுயர்ந்த கிளைடரோடு வந்து வென்றுவிட்டால் அது விமானியின் திறமையாகாது என்பதால், எல்லோரும் ஒரே மாதிரிக் கிளைடரில்தான் பறக்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒருவர் மட்டும் அமரும் கிளைடர், இறக்கை முனைக்கு முனை 15 மீட்டர், வெற்று எடை சுமார் 160 கிலோ, எளிதில் கிடைக்கும் பொருள்களால் கட்டக்கூடியது என்று விதிகள் வகுக்கப்பட்டன.

1939 பிப்ரவரியில் இத்தாலியின் செஸ்ட்ரியேர் என்ற மலையூரில் ஜெர்மனி, இத்தாலி, போலந்து ஆகிய நாடுகளின் கிளைடர்களைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள். ஜெர்மானிய வடிவமைப்பாளர் ஹான்ஸ் யாகோப்ஸ் உருவாக்கிய ‘மைசெ’ தேர்வாயிற்று. மைசெ என்பது ஜெர்மன் மொழியில் ஒரு சிறு பறவையின் பெயர். தேர்வுக்குப் பிறகு ‘ஒலிம்பியா’ என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. அவ்வாண்டு செப்டம்பரில் போர் மூண்டது, ஒலிம்பிக்கும் நின்றுபோயிற்று.

கேள்வி: அலுமினிய விமானங்கள் வந்துவிட்ட காலத்தில் ஏன் மரத்தைத் தேர்ந்தார்கள்? (மதுரை வாசகி)

பதில்: உலோகத் தகட்டை வளைத்து ரிவெட் அடிக்கப் பட்டறையும் அச்சுகளும் தேவை, மரவேலைக்கு நல்ல தச்சரும் நீளமான மேசையும் போதும். வரைபடத்தை வாங்கும் எந்த நாடும் தன் ஊரிலேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதுதானே நோக்கம்.

தவிர, எடைக்கு எடை பார்த்தால் நேரான இழையுள்ள பைன், ஸ்ப்ரூஸ் மரங்கள் வியக்கத்தக்க வலிமை உடையவை. இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதன்மைச் சட்டம், மேலும் கீழும் பைன் பட்டைகளும் நடுவே மெல்லிய ப்ளைவுட்டுமாக அமையும். பறக்கும்போது இறக்கையை மேல்நோக்கி வளைக்கப் பார்க்கும் விசையைத் தாங்குவது இதுதான். ஆனால் இறக்கை வளைவதோடு முறுக்கவும் செய்யும். அதற்காகச் சட்டத்திற்கு முன்னால் உள்ள இறக்கையின் மூக்குப் பகுதி முழுவதையும் பிர்ச் ப்ளைவுட்டால் மூடி, ஒரு குழாய் போல ஆக்கிவிடுவார்கள். நீளவாக்கில் கீறிவிட்ட அட்டைக் குழாயை முறுக்குவது எளிது, நாலாபுறமும் ஒட்டி மூடிய குழாயை முறுக்குவது கடினம். இந்த உத்தி 1921ஆம் ஆண்டிலேயே ஹனோவர் பல்கலைக்கழக மாணவர்களின் ‘வாம்பியர்’ கிளைடரில் வந்துவிட்டது. என் கணிப்பில், மரக் கிளைடர் வரலாற்றில் அதைவிடப் பெரிய அடி வேறில்லை. சட்டத்திற்குப் பின்னால் விசை குறைவு என்பதால், அங்கே இறக்கைக்கு வடிவம் தரும் விலாச்சட்டங்களின் மேல் துணியை இழுத்துக் கட்டி, அதை விறைப்பாக்கும் வார்னிஷ் போன்ற பூச்சைப் பூசினால் போதும், எடையும் மிச்சம்.

கேள்வி: மைசெ போன்ற கிளைடர்களின் இறக்கையில் வேகத்தைக் குறைக்கும் தடுப்புப் பலகைகள் உண்டாமே, எஞ்சினே இல்லாத விமானத்திற்கு அவை எதற்கு? (திருச்சி வாசகர்)

பதில்: நியாயமான ஐயம். கிளைடர் விமானிகள் உயரம் பெறுவதற்காக மேகங்களுக்குள் நுழைவதுண்டு. உள்ளே அடிவானம் தெரியாமல் திசை குழம்பினால், கிளைடர் சுழன்று மூக்கைக் கவிழ்த்து இறங்கத் தொடங்கும். வழவழப்பான உடல் என்பதால் வேகம் நொடிக்கு நொடி ஏறி, இறுதியில் இறக்கை முறியும். ஆகவே, இறக்கையிலிருந்து மேலும் கீழும் எழும் பலகைகளைத் திறந்துவிட்டால், செங்குத்தாக விழுந்தாலும் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி வைத்தார்கள். தரையிறங்கும்போதும் அதே பலகைகள் உதவின: ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் சறுக்கும் கிளைடரைச் சிறு வயலில் இறக்குவது வேறெப்படி?

கேள்வி: பிறகு மைசெ என்ன ஆயிற்று? (சேலம் வாசகர்)

பதில்: போருக்குப் பின் பல நாடுகளிலும் கட்டப்பட்டது. இங்கிலாந்தில் எலியட்ஸ் என்ற மரச்சாமான் நிறுவனம் சுமார் 150 கட்டியது. பிரான்சில் ‘நோர் 2000’ என்ற பெயரில் 100 உருவாயின. அதே 15 மீட்டர் அளவு 1950களில் ‘ஸ்டாண்டர்ட் கிளாஸ்’ என்ற போட்டிப் பிரிவாகத் திரும்பி வந்தது. ருடோல்ஃப் கைசர் வடிவமைத்த மரக் கிளைடரான கா 6இல் பறந்து, ஹைன்ஸ் ஹூத் 1960, 1963 ஆகிய ஆண்டுகளில் அப்பிரிவில் உலகப் பட்டம் வென்றார். எனினும், காற்று சலனமின்றி வழுக்கிச் செல்லும் புதுவகை இறக்கை வடிவங்களுக்குத் துளி நெளிவும் ஆகாது. மரமோ ஈரத்தில் உப்பி வெயிலில் சுருங்கும், விலாச்சட்டங்களின் தடம் மேலே தெரியும். 1957ஆம் ஆண்டில் ஷ்டுட்கார்ட்டில் கண்ணாடியிழையால் ஆன ‘ஃபீனிக்ஸ்’ பறந்தபின், போட்டிக் களத்திலிருந்து மரம் படிப்படியாக விலகியது.