தோல் ஒட்டிய பிறகு

கேள்வி: கேஸ் கசிந்து பற்றியதில் என் தங்கையின் முகம் வெந்துவிட்டது. தொடைத் தோலை எடுத்து ஒட்டி நான்கு மாதம் ஆகிறது. வழவழப்பாக இருந்த இடம் இப்போது சிவந்து, தடித்து, அரிக்கிறது. வாயும் முன்பு போலத் திறக்கவில்லை. ஆபரேஷன் தோற்றுவிட்டதா?
- வாசகி, தேனி

பதில்: தோற்கவில்லை. ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. அடியிலும் ஓரத்திலும் தழும்பு சுருங்குகிறது. முதல் ஆறு மாதம் அது வேகமாக இழுக்கும். வெளுத்து மெத்தென்று ஆக 12 முதல் 18 மாதம் பிடிக்கும். அதுவரை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண். தங்கை தூங்கும்போது டார்ச் அடித்துப் பாருங்கள். இமைக்கு நடுவே வெள்ளை தெரிந்தால் உடனே கண் மருத்துவரிடம் போங்கள். பகலில் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, இரவில் கண் களிம்பு தருவார்கள். 'தழும்பு முற்றட்டும், பிறகு பார்க்கலாம்' என்பது கண்ணுக்குப் பொருந்தாது. கருவிழி காய்ந்து புண்ணானால் பார்வையே போய்விடும்.

அடுத்தது வாய். அவருடைய மூன்று விரல்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே நுழைய வேண்டும். வாரம் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். கழுவிய கட்டைவிரல்களால் இரு கடைவாயையும் வெளிப்பக்கம் இழுத்து, பத்து எண்ணும்வரை பிடித்து விடட்டும். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளுக்கு நான்கைந்து வேளை. அளவு குறைந்துகொண்டே வந்தால் வாய் சுருங்காமல் விரித்துப் பிடிக்க வாய்க்குள் பொருத்தும் கருவியான ஸ்ப்ளிண்ட் கேளுங்கள். வாய் சுருங்கிவிட்டால் அடுத்த ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கக் குழாய் இறக்குவதே சிரமமாகிவிடும்.

ஒட்டிய மெல்லிய தோலில் எண்ணெய்ப் பசை ஊறாது. அரிப்புக்கு அதுவும் ஒரு காரணம். வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர் தடவி, தழும்பு வெளுக்கும் அளவு அழுத்தி, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும்: 5 முதல் 10 நிமிடம், நாளுக்கு மூன்று வேளை. விரலோடு தோலும் சேர்ந்து நகர வேண்டும்; விரல் வழுக்கி உரசினால் கொப்புளம் கிளம்பும். தழும்பின் மேல் ஒட்டும் சிலிக்கோன் ஷீட்டை முதல் நாள் இரண்டு மணி நேரம் ஒட்டி, மெல்ல 12 மணி நேரத்துக்கு மேல் கொண்டுபோகலாம். நம் ஊர் வெயிலில் அடியில் வியர்வை தேங்கி வேர்க்குரு வரும். ஷீட்டையும் முகத்தையும் தினமும் கழுவி உலர்த்துங்கள். தழும்பை அழுத்திப் பிடிக்கும் முகமூடி (பிரஷர் மாஸ்க்) கொடுத்திருந்தால் குளிக்க, சாப்பிட மட்டும் கழற்றலாம். தளர்ந்துபோன மாஸ்க் பயன் தராது, மறு அளவு எடுக்கச் சொல்லுங்கள். வெளியே போனால் குடையும் எஸ்பிஎஃப் 30 சன்ஸ்கிரீனும் வேண்டும்.

கேள்வி: நான் ஆசிட் வீச்சில் தப்பியவள். வங்கிச் செயலி கண் சிமிட்டச் சொல்கிறது, என்னால் முடியவில்லை.
- வாசகி, சேலம்

பதில்: சிமிட்டுவதை மட்டுமே அடையாளமாகக் கேட்கக் கூடாது, மாற்று வழி தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று உத்தரவிட்டிருக்கிறது. கிளைக்குப் போய், காகிதத்திலேயே கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்பு) எடுக்கும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் அதையும் எழுத்தில் வாங்குங்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் உண்டு. மாற்றுத்திறனாளிக்கான அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அதில் பாதிப்பின் அளவு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அரசு வேலை இடஒதுக்கீடு கேட்கலாம். அடுப்புத் தீயில் முகம் வெந்தவருக்கு இந்தப் பிரிவு இல்லாதது பெரிய குறை.

கேள்வி: கடை வேலைக்குத் திரும்புகிறேன். வருகிறவர்களெல்லாம் 'என்ன ஆச்சு?' என்பார்களே?
- வாசகர், கரூர்

பதில்: முழுக் கதையும் சொல்ல வேண்டியதில்லை. 'தீக்காயம்ங்க, இப்ப பரவாயில்லை. உங்களுக்கு என்ன வேணும்?' இதைக் கண்ணாடி முன் நின்று நாலு தடவை சொல்லிப் பழகுங்கள். முதல் வாரம் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து அரை நாள் மட்டும் போங்கள்.