தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகத்தான் வேண்டுமா?

ஆறாம் மாதம் நடக்கிறது, அடுத்த மாதம் வளைகாப்பு, அன்றே தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதாகப் பெரியவர்கள் பேசி முடித்துவிட்டார்கள், ஆனால் அம்மா வீடு சிறியது, வருமானமும் குறைவு, போகாமல் இருந்தால் தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று எழுதவில்லை. ஏதோ ஒரு கூலி வேலையாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். என் அம்மா பீடி சுற்றுகிறவர்.

போங்கள் என்பதுதான் என் பதில். தலைப்பிள்ளையைச் சுமக்கும்போது பெற்றவள் பக்கத்தில் இருப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் அங்கே இருக்கும் மாதங்களில் உங்கள் அம்மாவின் கூலி நின்றுபோகும். அதை யார் ஈடுகட்டுவது என்று பேசி முடித்துவிட்டுப் போங்கள். நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்கள் இதைப் பேச மாட்டார்கள். நீங்கள்தான் பேச வேண்டும்.

எங்கள் ஊர் முக்கூடல், தாமிரபரணிக் கரை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் வந்தவர்களுக்குத் தெரியும்: பகலில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் திண்ணையிலும் தார்சா என்கிற முன்கூடத்திலும் பெண்கள் மடியில் சுளகை (முறத்தை) வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பீடிக் கடையில் இலையும் புகையிலைத் தூளும் நூலும் தருவார்கள். இலையை நனைத்து, தகட்டை வைத்து அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, வாயை மடக்க வேண்டும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. சரியில்லை என்று கடையில் கழித்துவிட்டால் அந்த உழைப்பு வீண். என் அப்பா மும்பையில் கடை வேலைக்குப் போய் உடம்பு கெட்டுத் திரும்பியவர். அம்மாவின் இந்தக் கூலியில்தான் நானும் தம்பியும் படித்தோம். நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இலை வெட்டிக் கொடுத்திருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது நாள் தள்ளிப்போனது. மசக்கை படுத்திய பாட்டில் தாளிக்கிற வாசனையே ஆகவில்லை. அதைவிட ஆகாதது புகையிலை வாடை. பிறந்ததிலிருந்து அந்த வாடையிலேயே வளர்ந்தவள் நான். என் பாடப் புத்தகங்களில்கூட அது இருக்கும். செய்தி கேட்டு ஓடி வந்த அம்மா என்னைக் கட்டிப் பிடித்தார். அவர் சேலையிலிருந்து வந்த வாடைக்கு எனக்கு வயிற்றைப் புரட்டியது, கொல்லைப்புறம் ஓடினேன். திரும்பி வந்தபோது அம்மா வாசற்படிக்கு வெளியே போய் நின்றுகொண்டிருந்தார். அடுத்த முறை வந்தபோது புளியைத் தேய்த்து முழங்கை வரை கழுவி, பெட்டியில் மடித்து வைத்திருந்த சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். விரல் நுனியில் ஏறியிருந்த பழுப்பு மட்டும் போகவில்லை. அந்தக் கையால்தான் எனக்கு மாதுளம்பழத்தை உரித்து உரித்துக் கொடுத்தார். அன்று எனக்கு வாந்தி வரவில்லை.

12 வாரத்துக்குள் பதிந்துவிட வேண்டும் என்று சுகாதார செவிலியரிடம் போனேன். அட்டை போட்டு, கர்ப்பத்தைப் பதிந்ததற்கு அரசு தரும் பிக்மி எண் வாங்கித் தந்து, ரத்தம் எடுக்கச் சொல்லி, இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு விழுங்கக் கூடாது என்பது வரை விளக்கிச் சொன்னவர் அவர். பிரசவத்துக்கு எங்கே போவாய், அம்மா வீட்டில் என்ன தொழில் என்று கேட்டவரும் அவர் ஒருவர்தான். பீடி என்றதும் அவர் முகம் மாறியது. புகையிலைத் தூசு பறக்கிற வீட்டில் கர்ப்பிணி இருப்பது நல்லதல்ல, சுவாசத்தில் மட்டுமல்ல, தோல் வழியாகவும் அது உடம்பில் ஏறும் என்றார்.

இதை அம்மாவிடம் சொன்னேன். “அப்படியானால் நான் சுற்றுவதை நிறுத்திவிடுகிறேன். நீ வந்தால் போதும்” என்றார். யோசிக்கக்கூட இல்லை. மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்கு வாரத் தவணை ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவின் மாத்திரைச் செலவு தனி. அதையெல்லாம் நினைத்து நான் தயங்கியபோது, “உன்னைச் சுமந்தபோது வலி எடுத்த அன்று காலை வரை சுற்றினேன். கட்டியதைக் கடையில் கொடுத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உனக்கு அந்தப் பாடு வேண்டாம்” என்றார். குறையாகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொல்லிவிட்டு உளுந்து புடைக்கப் போய்விட்டார். எனக்குத்தான் அன்றிரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

பிள்ளை பெறுகிற பெண்ணுக்காவது சட்டம் இருக்கிறது. 2017-இல் திருத்திய பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. எத்தனை கடைகளில் அதைத் தருகிறார்கள் என்பது வேறு கதை. அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் வரைக்கும் கிடைத்தது. எல்லாம் பெறுகிறவளுக்கு. அவளுக்குப் பத்தியம் வைத்து, இரவில் கண்விழித்து, பேரப்பிள்ளையின் துணி துவைத்துப் போடும் தாய்க்கு ஒரு நாள் கூலியைக்கூட எந்தச் சட்டமும் தருவதில்லை. தராவிட்டால் போகட்டும், நாமாவது நினைத்துப் பார்க்க வேண்டாமா?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் உடனே புரிந்துகொண்டார். அத்தைதான் தயங்கினார். தலைப்பிரசவம் பார்ப்பது பெண்ணைப் பெற்றவர்களின் முறை, நாம் பணம் கொடுத்தால் அவர்களைக் குறைத்து மதிப்பதுபோல் ஆகிவிடும் என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அப்படித்தான் அவருக்கும் நடந்திருக்கிறது. “நம் வீட்டுப் பிள்ளைதானே அத்தை, அதைச் சுமக்கிறவளுக்குச் சோறு போட அவர்கள் ஏன் கடன்பட வேண்டும்?” என்று கேட்டேன். பதில் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். மறுநாள் அவரே வந்து, அம்மா கையில் கொடுத்தால் வாங்க மாட்டார், குழுத் தவணையை நாமே கட்டிவிடலாம் என்று வழி சொன்னார். அப்படியே செய்தோம். வாரா வாரம் என் வீட்டுக்காரர் குழுத் தலைவியிடம் நேராகக் கொடுத்துவிடுவார். மருந்து, ஸ்கேன், பால், காய்கறி எல்லாம் எங்கள் பொறுப்பு.

அம்மாவும் அடியோடு நிறுத்தவில்லை. நிறுத்தினால் பி.எஃப். வரவும் நின்றுவிடும். வயதான காலத்தில் அந்தச் சிறிய பென்ஷன்தான் கதி. நான் தூங்கும் மதிய நேரத்தில் இரண்டு வீடு தள்ளி ஒரு பெரியம்மாவின் தார்சாவில் உட்கார்ந்து முடிந்ததைச் சுற்றினார். தூள், இலை, சுளகு எல்லாம் அங்கேயே. எங்கள் வீட்டைத் தம்பி வெள்ளையடித்துக் கழுவிவிட்டான்.

பெற்ற தாய்க்குக் கூலி பேசுகிறாயா என்று இதைப் படித்துவிட்டு யாராவது கேட்கத்தான் போகிறார்கள். பாசத்துக்கு விலை வைக்கவில்லை. பாசத்தின் பெயரால் ஒரு ஏழை வீட்டின் அடுப்பை அணைக்க வேண்டாம் என்கிறேன். வசதியுள்ள தாய்வீடு உங்களுக்கு இருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு இல்லை, கடந்து போங்கள். எங்கள் சாதியில், எங்கள் ஊரில் அப்படி இல்லை என்று எழுதவும் வேண்டாம். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

வளைகாப்பையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நெல்லையப்பர் கோயிலில் ஆடிப்பூரத் திருவிழாவின்போது காந்திமதி அம்மனுக்கே வளைகாப்பு நடத்துகிற ஊர் நம்முடையது. எனக்கும் கை நிறைய அடுக்கினார்கள், முதலில் வேப்பிலைக் காப்பு, பிறகு கண்ணாடி வளையல். ஆனால் மண்டபம் வேண்டாம், மருமகனுக்கு மோதிரம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டோம். வீட்டிலேயே ஐந்து வகைச் சோறு, முந்திரிக்கொத்து, அதிரசம். மறக்க முடியாத நாள் எது என்று கேட்டால் நான் அதைச் சொல்ல மாட்டேன். ஐந்தாம் மாதம் கடையில் பேரேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, உள்ளிருந்து யாரோ விரலால் சுண்டியதுபோல முதல் அசைவு தெரிந்தது. கூட்டல் பாதியில் நின்றது. திரும்ப ஒருமுறை வருமா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வந்தது. அந்த நாளைத்தான் சொல்வேன்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லாததையும் ஒன்று சொல்லியாக வேண்டும், மனதில் ஆறவில்லை. 2021 முதல் சாதாரண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. என் அம்மா போன்றவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் சில பஸ்கள் நிற்பதே இல்லை. எட்டாம் மாதம், பரிசோதனைக்காக அம்மாவோடு வெயிலில் நின்றேன். வந்த பஸ் எங்களைப் பார்த்தும் தாண்டிப் போய்த் தொலைவில் நின்றது. அந்த வயிற்றோடு நான் ஓட முடியுமா? அம்மா கையைக் காட்டிக்கொண்டே ஓடினார், அவர் எட்டுவதற்குள் கிளம்பிவிட்டது. டிக்கெட் வாங்காதவர்கள் என்றால் மனிதர்கள் இல்லையா? இலவசம் என்பது ஓட்டுநர் போடும் பிச்சை இல்லை, அரசு கொடுத்த உரிமை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். தாய்வீட்டுக்குப் போகும் முன் செவிலியரிடம் சொல்லிவிட்டு, அந்த ஊர்ச் செவிலியர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிக்மி எண், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் தாள்கள் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். அந்த எண் இல்லாவிட்டால் பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கு அலைய வேண்டிவரும். வலி எடுத்தால் எந்த ஆஸ்பத்திரி, எவ்வளவு தூரம் என்று இப்போதே பார்த்து வையுங்கள். அம்மா வீட்டில் புகையிலை, பஞ்சு, பட்டாசு மருந்து என்று எந்தத் தூசு வேலை நடந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

பணப் பேச்சை மாமியாரிடம் எடுக்கத் தயக்கமாக இருந்தால் கணவரைப் பேசச் சொல்லுங்கள், அது அவர் பிள்ளையும்தான். வளைகாப்புக்கு முன்பே பேசிவிடுங்கள். பந்தல் போட்டபிறகு யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.