எட்டில் ஏழு காணோம்

கணினி கேள்வி – பதில்

கேள்வி: அண்ணே, நான் பட்டர்வொர்த். டிப்ளோமா படித்துக்கொண்டே வார இறுதியில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறேன். ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் பழைய ஆபீஸ் லேப்டாப் வாங்கினேன்: இன்டெல் ஐ5-8250யு, 16 ஜிபி ராம். நண்பன் ஒருவன் ஓப்பன்கோர் (ஆப்பிள் அல்லாத கணினியில் மேக்ஓஎஸ்ஸைக் கிளப்பும் மென்பொருள்) மூலம் அதில் மேக்ஓஎஸ் வென்ச்சுரா போட்டுக் கொடுத்தான். வைஃபை, சவுண்டு, டச்பேட் எல்லாம் ஓடுகிறது. ஆனால் ஒரு பாட்டை எக்ஸ்போர்ட் போட்டால் தூங்கி எழுந்தாலும் முடிவதில்லை. ஆக்டிவிட்டி மானிட்டரில் சிபியு ஹிஸ்டரியைத் திறந்தால் ஒரே ஒரு கட்டம். சிஸ்டம் ரிப்போர்ட்டிலும் மொத்த கோர் 1. கடைக்காரர், "புரோசசர் போச்சு, போர்டையே மாத்தணும்" என்கிறார். அப்பா பாயான் லெப்பாஸில் சிப் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். "கோர் அப்படியெல்லாம் தனியாச் சாகாதுடா" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: தம்பி, அப்பா பேச்சைக் கேளுங்கள். போர்டுக்கென்று இப்போதைக்கு ஒரு ரிங்கிட்கூட எடுத்து வைக்க வேண்டாம்.

உங்கள் சிப்பில் நான்கு கோர் (கணக்குப் போடும் பகுதி), ஒவ்வொன்றும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசையை ஓட்டும், ஆக எட்டு திரெட். அந்த ஜன்னலில் எட்டுக் கட்டம் வரவேண்டும். மூன்று கோர் கெட்டுப்போய், மிஞ்சிய ஒன்று மட்டும் சமர்த்தாக வைஃபை ஓட்டிக்கொண்டிருப்பது அபூர்வம். சிப் கெட்டால் பெரும்பாலும் மெஷின் எழாது, இல்லை பாதியில் உறைந்து நிற்கும். 1972-இல் இன்டெல் பினாங்குக்கு வந்ததிலிருந்து சிப் சோதித்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் இந்த ஊரில் உண்டு. அவர்களிடம் போய் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கடைக்காரர் போர்டு என்று சொன்னதற்கும் காரணம் இருக்கிறது: இந்த வகை புரோசசர் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, தனியாகக் கழற்றி மாற்ற முடியாது. ஆனால் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

சோதனை சுலபம். ஒரு யுஎஸ்பியில் உபுண்டு ஏற்றி, நிறுவாமல் "டிரை" முறையில் கிளப்புங்கள். செட்டிங்ஸில் அபௌட் பக்கத்தில் புரோசசர் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறியும் 8-உம் இருந்தால் சிப்பும் பயாஸும் (மெஷினைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) நலம், கோளாறு மேக் பக்கம். 4 என்றிருந்தால் ஒரு கோரை இரண்டாகக் காட்டும் ஹைப்பர்-திரெடிங் பயாஸில் அணைக்கப்பட்டிருக்கலாம். 1 அல்லது 2 என்றால் பயாஸில் கோர் எண்ணிக்கையை யாரோ குறைத்து வைத்திருக்கலாம். "மல்டி-ப்ராசசிங்", "ஆக்டிவ் கோர்ஸ்" என்ற மாதிரி ஏதாவது பெயரில் அது இருக்கும். ஆபீஸ் லேப்டாப்புகளில் இதெல்லாம் நடக்கும்.

எட்டு வரும் என்றே நினைக்கிறேன். அப்புறம் நேராக பூட்-ஆர்க்ஸ், அதாவது மேக்ஓஎஸ் கிளம்பும்போது படிக்கும் உத்தரவு வரியைப் பாருங்கள். அது என்விராமில், அணைத்தாலும் அழியாத சிறு நினைவகத்தில், இருக்கும். டெர்மினலில் என்விராம் கட்டளையோடு பூட்-ஆர்க்ஸ் என்று (nvram boot-args) தட்டினால் ஒரு வரி வரும். அதில் "சிபியூஸ்=1" (cpus=1) என்று ஒட்டிக்கொண்டிருந்தால் ஆள் அகப்பட்டுவிட்டான். ஒரே கோரோடு கிளம்பு என்று கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் கருவுக்கு, சொல்லும் உத்தரவு அது. நிறுவும்போது கெர்னல் பேனிக் வந்து மெஷின் நின்றுவிட்டால் தற்காலிகமாக இதைப் போட்டு எழுப்புவது பழைய வழக்கம். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிடுவார்கள், ஓப்பன்கோர் கோப்புகள் இருக்கும் அந்த இஎஃப்ஐ ஃபோல்டரை அப்படியே அடுத்தவருக்கும் கொடுப்பார்கள். உங்கள் நண்பனும் எங்கிருந்தோ இரவல் வாங்கியிருப்பார், கேட்டுப் பாருங்கள்.

எடுப்பதற்கு முன், இப்போது ஓடுகிற இஎஃப்ஐ ஃபோல்டரை ஒரு யுஎஸ்பியில் நகல் எடுத்து, அதிலிருந்து மெஷின் எழுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் மேலே போகாதீர்கள். பிறகு ஓப்பன்கோரின் அமைப்புகள் இருக்கும் கான்ஃபிக் கோப்பில் என்விராம் பகுதியில் உள்ள பூட்-ஆர்க்ஸிலிருந்து அந்தச் சொல்லை மட்டும் நீக்குங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். நீக்கியும் பலர், "போகவில்லை அண்ணே" என்று வந்து நிற்பார்கள். பழைய மதிப்பு என்விராமிலேயே தங்கியிருக்கும். கான்ஃபிக்கின் "டெலீட்" பட்டியலில் பூட்-ஆர்க்ஸ் இல்லாவிட்டால் ஓப்பன்கோர் அதன்மேல் புதியதை எழுதாது. பூட் மெனுவில் ஸ்பேஸ் பாரைத் தட்டி, "ரீசெட் என்விராம்" இருந்தால் ஒருமுறை ஓட்டிவிடுங்கள்.

அங்கே "சிபியூஸ்=1" இல்லவே இல்லை என்றால், கான்ஃபிக்கில் வன்பொருள் அட்டவணைகளுக்கான ஏசிபிஐ பகுதியைப் பாருங்கள். இந்த மெஷினில் எந்தெந்த கோர் இருக்கிறது என்று பயாஸ் ஓர் அட்டவணையை இயங்குதளத்திடம் நீட்டும், ஏபிக் என்று பெயர். வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்த அந்த அட்டவணையையோ, டிஎஸ்டிடி என்ற இன்னொரு வன்பொருள் அட்டவணையையோ யாராவது உள்ளே போட்டிருந்தால், கெர்னல் அடுத்த வீட்டு ரேஷன் கார்டை வைத்து உங்கள் வீட்டில் தலை எண்ணுகிறது. அதைத் தூக்கிவிடுங்கள்.

மேக் மாடல் பெயரை மாற்று, புரோசசர் டைப்பை மாற்று, எஸ்எஸ்டிடி-பிளக் போடு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். மாடல் பெயரால் கோர் கூடாது. புரோசசர் டைப் "அபௌட்" பெட்டியில் தெரியும் பெயருக்கு. பிளக் மின்சக்தி நிர்வாகத்துக்கு. தேவையானவைதான், ஆனால் காணாமல்போன கோரை அவை கொண்டுவரா.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. ஆப்பிளின் உரிமப்படி மேக்ஓஎஸ் ஆப்பிள் கணினிகளில் மட்டுமே போடலாம். இன்டெல் மேக்குகளுக்கு டஹோவே கடைசி மேக்ஓஎஸ் என்று 2025 ஜூனில் ஆப்பிளே அறிவித்துவிட்டது. கற்றுக்கொள்ள நல்ல மெஷின்தான். கல்யாண வீட்டில் முன்பணம் வாங்கிய வேலையை மட்டும் இதை நம்பி வைக்காதீர்கள்.

கேள்வி: செந்தூலில் இருந்து ஓர் ஆசிரியை. 7-ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்பில் ரூஃபஸ் (விண்டோஸ் நிறுவும் யுஎஸ்பி தயாரிக்கும் கருவி) வழியாக விண்டோஸ் 11 போட்டிருக்கிறேன். விண்டோஸ் கிளம்பும் முறையை மாற்றும் எம்எஸ்கான்ஃபிக்கில் புரோசசர் எண்ணிக்கையை டிக் செய்தால் வேகம் கூடும் என்று மகன் செய்து வைத்தான். மெதுவாகத்தான் இருக்கிறது.

பதில்: டீச்சர், அந்த டிக் வேகத்துக்கு அல்ல, உச்சவரம்புக்கு. டிக் இல்லாதபோதே விண்டோஸ் எல்லா கோரையும் எடுத்துக்கொள்ளும். மகன் குறைந்த எண்ணைத் தேர்ந்தெடுத்திருந்தால் மிச்சமெல்லாம் சும்மா கிடக்கும். டிக்கை எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். இன்னும் மெதுவாக இருந்தால் உள்ளே இருப்பது பழைய ஹார்ட் டிஸ்க்கா என்று பார்த்து, எஸ்எஸ்டி மாற்றுங்கள். உங்கள் புரோசசர் அதிகாரப்பூர்வப் பட்டியலில் இருக்காது, அதனால் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. பெரிய அப்டேட் தானாக வராவிட்டால் மறுபடி ரூஃபஸ் யுஎஸ்பிதான். அதற்கு முன் தேர்வுத்தாள்களை வெளியே நகல் எடுத்துவிடுங்கள்.